மிஸியிடம் கேளுங்கள்: மாரிக்கு முன் போடவேண்டிய ஊசி

சென்ற இதழில், அறுபதைத் தாண்டியவர்கள் மாரி தொடங்கமுன் இன்புளுவென்சா தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்குப் புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை கடிதம் வந்திருக்கிறது. சிலர் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள், சிலர் கோபத்தோடு. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் இந்த மாவட்டத்தில் வாட்டுகளிலும் பின்னர் பொதுச் சுகாதாரத்திலும் வேலை செய்து ஓய்வுபெற்ற தாதி. வைத்தியர் அல்ல. ஆகவே கீழே சொல்வதை வாசித்துவிட்டு, உங்கள் கிளினிக் கொப்பியைப் பார்க்கிற வைத்தியரோடும் ஒருமுறை கதைத்துக்கொள்ளுங்கள்.

மிஸி, என்ரை மாமாவுக்கு 74 வயது. சீனி வருத்தமும் பிறஷரும் இருக்கு. ஊசிக்குக் கூட்டிப்போக இவர் ஆயத்தம். மாமாதான் மறுக்கிறார். "வேர்க்கொம்பும் கொத்தமல்லியும் குடிச்சு வளர்ந்த உடம்பு இது. தடிமனுக்கு ஆராவது ஊசி போடுவினமோ?" எண்டு கேட்கிறார். கொஞ்சம் இறுக்கிச் சொன்னால் சாப்பாட்டிலிருந்து எழும்பிப் போயிடுறார். என்ன செய்யிறது?
— ஒரு மருமகள், உப்புவெளி

மகள், முதலில் கொத்தமல்லியோடு சண்டை பிடிக்காதேங்கோ. தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீரும் சேரும். அவர் குடிக்கட்டும். கொத்தமல்லியா ஊசியா என்று நீங்கள் கேட்டால் அவர் கொத்தமல்லியைத்தான் எடுப்பார். இரண்டும் இருக்கலாம் என்று சொன்னால் பாதிச் சண்டை அதோடு தீர்ந்துவிடும்.

தடிமனுக்கு ஊசி இல்லை என்று மாமா சொல்வதும் சரி. மூக்கால் ஓடி, இரண்டு தும்மல் தும்மி, நாலு நாளில் போகிற தடிமனுக்கு ஒருவரும் ஊசி போடுவதில்லை. இன்புளுவென்சா வேறு வைரசு. காலையில் கடைக்குப் போய் வந்த மனிதரைப் பின்னேரம் கட்டிலில் போட்டுவிடும். காய்ச்சல், உடம்பு முழுக்க உளைவு, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. இளம் ஆட்கள் ஒரு கிழமை படுத்துவிட்டு எழும்பிவிடுவார்கள். சீனி வருத்தக்காரருக்கு அப்படி இல்லை. காய்ச்சலில் சீனி ஏறும், சாப்பிடாமல் குளிசை போட்டால் சட்டென்று இறங்கவும் செய்யும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் களைத்துப்போகும். சளி நெஞ்சில் இறங்கி நியூமோனியா ஆனால் ஆஸ்பத்திரிதான். உலகம் முழுவதிலும் வருடத்துக்கு 290,000 முதல் 650,000 பேர் வரை இன்புளுவென்சாவால் வரும் சுவாச நோயில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வசதியான நாடுகளில் அப்படி இறப்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள்.

ஆனால் இந்தக் கணக்கை மாமாவிடம் சொல்லாதேங்கோ. சாவைச் சொல்லி வெருட்டினால் வயதானவர்கள் அசைவதில்லை. "போற வயசுதானே" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர்கள் உண்மையில் பயப்படுவது மற்றவர் கையில் விழுவதற்கு. மாரி மாதங்களில் மருத்துவ வாட்டில் நான் திரும்பத் திரும்பக் கண்டது அதைத்தான். சொந்தக் காலில் ஓட்டோவிலிருந்து இறங்கி வந்த ஐயா, காய்ச்சல் விட்டபிறகு கழிவறைக்குப் போக இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருக்கும். நியூமோனியா மாறியிருக்கும், கால் மாறியிராது. 2007 இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே படுக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துபோயிருந்தது. சுகமாக இருந்த ஆட்களுக்கே இந்தக் கதை. காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. உங்கள் மாமா தினமும் எங்கே நடந்து போவார்? கோயிலுக்கா, கடற்கரைக்கா, பேப்பர் வாங்கவா? அந்த நடையைக் காப்பாற்றத்தான் ஊசி என்று சொல்லுங்கோ.

யார் சொல்வது என்பதும் இருக்கிறது. மகன் கட்டளை போடுகிற மாதிரிச் சொன்னால் எந்தத் தகப்பனும் பின்வாங்குவார். வீட்டில் எல்லாரும் கூடி நிற்கும்போது கேட்காமல், அவர் தனிய இருக்கும்போது, "மாமா, ஊசியில் உங்களுக்கு எது பிடிக்கேல்லை?" என்று கேட்டுவிட்டு அவரைக் கதைக்க விடுங்கோ. முந்தி ஏதோ ஓர் ஊசி போட்டு ஒவ்வாமல் போயிருக்கலாம். பிள்ளைகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்றும் நினைக்கலாம். காசுதான் காரணம் என்றால் அதை வாய் திறந்து சொல்லமாட்டார், கொத்தமல்லியைத்தான் சொல்லுவார். அடுத்த கிளினிக் நாளில் நீங்களும் கூடப்போய், வைத்தியர் வாயால் சொல்லவையுங்கோ. அவரோடு சேர்ந்து வேலை செய்த ஒருவர் ஊசி போட்டிருந்தால் வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கோ. அது நான் சொல்வதைவிடக் கூட வேலை செய்யும்.

ஒன்று மட்டும் செய்யவேண்டாம். "சத்தூசி மாமா" என்று பொய் சொல்லிக் கூட்டிப்போவது. அப்படிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். உண்மை தெரிந்தபிறகு அந்தப் பெரியவர்கள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்கமாட்டார்கள். அது அவருடைய உடம்பு. இந்தமுறை வேண்டாம் என்றால் விட்டுவிட்டு அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கோ.

கொரோனா ஊசி மூண்டும் போட்டனான். இப்ப இன்னொண்டு போடச் சொல்லுறியள். கொரோனாதான் முடிஞ்சுதே. இந்த ஊசியாலதான் காய்ச்சல் வருகுது எண்டும் எங்கட பக்கம் கதைக்கினம். உண்மையைச் சொல்லுங்கோ.
— 68 வயது, கடற்தொழிலாளி, திருக்கடலூர்

ஐயா, உண்மையைத்தான் சொல்லுவன்.

இது கொரோனா ஊசி இல்லை. அதைவிட மிகப் பழையது. 1945 இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கு இன்புளுவென்சா ஊசி போட அனுமதி கிடைத்தது. உங்களுக்கும் எனக்கும் மூப்பு அதற்கு. ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போடவேண்டியிருப்பதற்குக் காரணம், அந்த வைரசு உருவை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். எந்த நாட்டில் எந்த வகை பரவுகிறது என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்துக்கு 1952 முதல் ஒரு வலையமைப்பு இருக்கிறது. வருடத்தில் இரண்டு தரம், பூமியின் வடபாதிக்கு பெப்ரவரியிலும் தென்பாதிக்கு செப்டெம்பரிலும், வரப்போகிற பருவத்துக்கு எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று முடிவெடுக்கிறார்கள். ஊசியால் கிடைக்கிற பாதுகாப்பும் மாதங்கள் போகப்போகக் குறையும். அதனால் போன வருடத்து ஊசி இந்த வருடத்துக்குக் காணாது.

ஊசியால் காய்ச்சல் வருமா? எங்கள் பக்கம் கையில் போடுகிற ஊசியில் இருப்பது செத்த வைரசின் துண்டுகள். அதற்குப் பெருக ஏலாது, இன்புளுவென்சாவைத் தரவும் ஏலாது. ஆனால் போட்ட கை நோகும். சிலருக்கு ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு உளைவும் மெல்லிய காய்ச்சலும் இருக்கும். பனடோல் போட்டால் போய்விடும். பிறகு எப்படி "ஊசி போட்டுத்தான் வந்தது" என்கிறார்கள்? ஊசி உடம்பில் வேலை செய்ய இரண்டு கிழமை பிடிக்கும். மழை தொடங்கி, ஊரெல்லாம் இருமும்போது ஓடிப்போய்ப் போட்டால், அந்த இரண்டு கிழமைக்குள் வைரசு முந்திவிடும். வேறு ஏதாவது தடிமன் வைரசும் வரலாம். அதை இந்த ஊசி தடுக்காது.

பக்கவிளைவையும் ஒளிக்கமாட்டன். மிக அரிதாக ஒவ்வாமை வரும். அது வருவதென்றால் பெரும்பாலும் உடனே வரும். அதற்காகத்தான் ஊசி போட்டபிறகு ஒரு கால் மணித்தியாலம் வாங்கில் இருக்கச் சொல்வது. அவசரப்பட்டு எழும்பி வராதேங்கோ. நரம்பைத் தாக்கிக் கைகால்களைச் சோரவைக்கிற கிலான்பரே என்ற நோயும் பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரக்கூடும் என்று கணித்திருக்கிறார்கள். உங்களுக்கு முந்தி அந்த நோய் வந்திருந்தால் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கோ.

கொரோனா முடிந்துவிட்டது என்றீர்கள். 2021 இல் கண்டதுபோல இப்போது இல்லை, உண்மைதான். ஆனாலும் அந்த வைரசு போய்விடவில்லை. வயதானவர்களை, அதிலும் நெஞ்சு வருத்தக்காரரை, இன்னும் கட்டிலில் போடுகிறது. வாடைக்காற்று அடிக்கிற காலத்தில் மூன்று நாலு வைரசு ஒன்றாகச் சுற்றும். ஒன்றுக்காவது கதவைச் சாத்துவோம் ஐயா.

போன வருசம் கொழும்பில் மகன் வீட்டில் நின்றபோது ஊசி போட்டேன். அப்படியிருந்தும் தை மாதம் காய்ச்சல் வந்து ஐந்து நாள் கிடந்தேன். பிறகேன் போடவேண்டும்?
— விவசாயி, தம்பலகாமம்

அது இன்புளுவென்சாதான் என்று யாராவது பரிசோதித்துச் சொன்னார்களா தம்பி? எங்கள் மாவட்டத்தில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் அதற்குள் பல இருக்கிறது. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை நாங்கள் ஒருவரும் மறக்கவில்லை. வயலில் கால் வைக்கிற உங்களுக்கு எலிக்காய்ச்சலும் வரும். அதற்கு வயலுக்கு இறங்கமுன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மருந்து கேட்டு எடுக்கவேண்டும். இவை ஒன்றையும் இன்புளுவென்சா ஊசி தடுக்காது. ஆனபடியால் ஊசி போட்டவரோ போடாதவரோ, காய்ச்சல் வந்தால் பனடோல் தவிர வேறு நோ மாத்திரை போடாமல், இரண்டாம் நாளைக் கடக்கவிடாமல் வைத்தியரைக் காணுங்கள்.

இன்புளுவென்சாவே வந்திருந்தாலும், ஊசி நூற்றுக்கு நூறு தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. ஊசியில் உள்ள வகையும் ஊரில் பரவுகிற வகையும் நன்றாகப் பொருந்திய வருடங்களில், வைத்தியரிடம் போகவேண்டிய அளவுக்கு நோய் வருவதை 40 முதல் 60 வீதம் வரை குறைக்கிறது. வயது ஏற ஏற இந்தப் பலன் கொஞ்சம் குறையும். அப்படியும் வந்தால் நோயின் கடுமை குறைவாக இருக்கும். ஐந்து நாள் வீட்டில் கிடந்தீர்கள், ஆறாம் நாள் எழும்பினீர்கள். வாட்டுக்குப் போகவில்லை.

வாப்பாவும் உம்மாவும் அடுத்த ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் வைத்திருக்கிறார்கள். மூளைக்காய்ச்சல் ஊசி கட்டாயம் என்று சொன்னார்கள். அதைப் போட்டால் போதாதா? இன்புளுவென்சா ஊசியில் பன்றியிலிருந்து எடுத்தது கலந்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதால் வாப்பா தயங்குகிறார். உம்மாவுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது.
— ஒரு மகன், கிண்ணியா

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. ஹாஜிகளுக்குக் கட்டாயமான ஊசி மெனிங்கொகொக்கஸ் என்ற பக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலுக்கானது. அது இன்புளுவென்சாவுக்கு உதவாது. இன்புளுவென்சா ஊசியையும் போட்டுக்கொண்டு வரும்படி சவூதி சுகாதார அமைச்சு ஹாஜிகளுக்குப் பரிந்துரைக்கிறது. ஹாஜிகள் தங்குகிற மினாவில் ஒரே கூடாரத்தில் எத்தனை நாட்டு மக்கள்! போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இருமல் இல்லாமல் திரும்பியவர் குறைவு. அந்த வயதில், அந்த வெயிலில், தவாப், சயீ என்ற நடந்து செய்கிற கடமைகளைக் காய்ச்சலோடு செய்வது எவ்வளவு கஷ்டம். பயணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே போட்டு முடியுங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளவேண்டாம்.

வாப்பாவின் தயக்கத்துக்கு வருவோம். பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருப்பது மூக்குக்குள் விசிறுகிற வகை மருந்தில். வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள். கையில் போடுகிற இன்புளுவென்சா ஊசிகளில் பொதுவாக ஜெலட்டின் இல்லை. "பொதுவாக" என்ற சொல்லோடு வாப்பா திருப்திப்படமாட்டார், படவும் தேவையில்லை. ஊசிப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். அதில் கலந்திருப்பது எல்லாம் எழுதியிருக்கும். போடமுன் அதை வாங்கி வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. எந்த மிஸியும் அதற்குக் கோபிக்கக்கூடாது.

முட்டை விஷயம். இந்த ஊசிக்குரிய வைரசைப் பெரும்பாலும் கோழிமுட்டையில்தான் வளர்க்கிறார்கள். அதனால் முட்டை ஒவ்வாதவர்களை முந்தித் தனியாக வைத்துப் பார்த்தோம். அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனை 2023 இல் அந்த விசேட ஏற்பாட்டைக் கைவிட்டது. ஊசியில் எஞ்சுகிற முட்டைப் புரதம் அவ்வளவு சொற்பம். என்றாலும் உம்மா முட்டை விஷயத்தை ஊசி போடுகிறவரிடம் சொல்லிவிட்டு, எல்லா வசதியும் உள்ள இடத்தில் போட்டுக்கொள்வது நல்லது. முன்னர் இதே ஊசிக்கு மூச்சுத் திணறி, முகம் வீங்கியிருந்தால் மட்டும் திரும்பப் போடக்கூடாது.

இதே முட்டைக் கேள்வியை, சைவச் சாப்பாட்டில் உறுதியான இரண்டு அம்மாமாரும் கோணேசர் கோயிலடிப் பக்கமிருந்து கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் மறைக்காமல் சொல்கிறேன், முட்டையில் வளர்த்ததுதான். மருந்தாக ஏற்பதா இல்லையா என்பது உங்கள் மனச்சாட்சி. நான் உங்களிடம் கேட்பது ஒன்று. திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்குப் பனியில் குளித்துக் கோயிலுக்குப் போகிறவர்கள் நீங்கள். அந்தப் பத்து நாளும் ஒரே கூட்டத்தில், ஈரக் கூந்தலோடு, வாய் திறந்து பாடுகிறீர்கள். அதையும் வைத்து யோசியுங்கள்.

லண்டனில் இருக்கிற மகள் டெலிபோனில், "அம்மா, ஃபுளூ ஊசி போடு, நியூமோனியா ஊசி போடு, ஆர்.எஸ்.வி ஊசி போடு" என்று மூன்று பெயர் சொல்கிறாள். எது எதற்கு? ஒன்றாகப் போடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, 76 வயது, உவர்மலை

டீச்சர், ஃபுளூ என்று மகள் சொல்வது மேலே சொன்ன இன்புளுவென்சா ஊசி. வருடத்துக்கு ஒன்று.

நியூமோனியா ஊசி என்பது நியூமொகொக்கஸ் என்ற பக்டீரியாவுக்கு. வயதானவர்களின் நியூமோனியாவுக்கு முக்கியமான காரணங்களில் அது ஒன்று. இரத்தத்திலும் மூளையுறையிலும் கூடக் கிருமி ஏறும். இன்புளுவென்சா வந்து நெஞ்சு புண்பட்டுக் கிடக்கும்போது பின்னால் வந்து பிடிப்பதும் பெரும்பாலும் இந்தக் கிருமிதான். இந்த ஊசி வருடா வருடம் தேவையில்லை. இருபது வகைக் கிருமிக்குச் செய்த புதிய ஊசி ஒரு தரம் போட்டால் போதும். பழைய வகைகளுக்குக் கணக்கு வேறு. ஆகவே எது போட்டீர்கள் என்று பெயரையும் திகதியையும் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். "ஏதோ ஒரு ஊசி" என்று சொன்னால் அடுத்தது எப்போது என்று எந்த வைத்தியராலும் சொல்ல ஏலாது.

ஆர்.எஸ்.வி என்பது கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பைத் தருகிற ஒரு வைரசு. முதியவர்களையும் அது வாட்டுவது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். ஆனால் அதற்குரிய ஊசிகளுக்கு 2023 இல்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் 2024 செப்டெம்பர் முதல் 75 வயதானவர்களுக்கு இலவசமாகப் போடுகிறார்கள். மகள் அதைப் பார்த்துத்தான் சொல்கிறாள். நல்ல மகள். ஆனால் எதை முதலில் போடுவது என்று என்னைக் கேட்டால், முதலில் இன்புளுவென்சா, அடுத்தது நியூமோனியா ஊசி, ஆர்.எஸ்.வி பிறகு. இன்புளுவென்சாவையும் நியூமோனியா ஊசியையும் ஒரே நாளில், வலக்கையில் ஒன்று இடக்கையில் ஒன்று போடலாம். இரண்டு கையும் நோகும், அன்றைக்குத் துணி தோய்க்கவேண்டாம்.

எங்கட பக்கம் ஊசி கிடைக்கேல்லை. மகன் கொழும்பில் பாமசியில் வாங்கி இரவு பஸ்ஸில் கொண்டுவாறன் எண்டு சொல்லுறான். இங்க பக்கத்து டிஸ்பென்சரியில் போடலாமா?
— குச்சவெளி

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். இந்த ஊசி 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். கொழும்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்து, காலை வெயிலில் குச்சவெளிக்கு இன்னொரு பஸ் ஏறி... சூட்டில் மருந்து பழுதாகும். "ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவான்" என்று நீங்கள் சொல்லக்கூடும். ஐஸ்கட்டியோடு ஒட்டி உறைந்தாலும் பழுதுதான். இரண்டையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். பழுதான ஊசியைப் போட்டுவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு மாரியைக் கடப்பதுதான் இதில் பெரிய ஆபத்து.

திருகோணமலை நகரில் உள்ள தனியார் வைத்தியசாலைகளுக்கும் பெரிய மருந்தகங்களுக்கும் முதலில் டெலிபோன் எடுத்து, இந்தப் பருவத்துக்குரிய ஊசி இருக்கிறதா, எப்போது வரும், என்ன விலை என்று கேட்டுப் பெயரைப் பதியச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் வரவழைத்தும் தருவார்கள். உங்கள் முதியோர் சங்கத்தில் இதைக் கதைத்துப் பாருங்கள். கொழும்புக்குக் கிளினிக்குக்கோ கலியாண வீட்டுக்கோ போகிற அலுவல் இருந்தால் அங்கேயே போட்டுக்கொண்டு வாருங்கள். ஊசி பஸ்ஸில் வருவதைவிட நீங்கள் பஸ்ஸில் போவது நல்லது.

எனக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் போட்டிருக்கு. வோஃபரினும் குடிக்கிறன். எனக்கு இந்த ஊசி ஆபத்தில்லையா?
— மூதூர்

உங்களுக்குத்தான் மிகவும் தேவை. கனடாவின் ஒன்டாரியோவில் 2018 இல் வெளிவந்த ஆய்வில், இன்புளுவென்சா உறுதிசெய்யப்பட்ட முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது சாதாரண காலத்தைவிட ஆறு மடங்காக இருந்தது. 2021 இல் பல நாடுகள் சேர்ந்து செய்த இன்னோர் ஆய்வில், மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊசியும் மற்றப் பாதிக்கு வெறும் உப்புத் தண்ணீரும் போட்டார்கள். ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் ஊசிக்காரரில் 2.9 வீதம், மற்றவர்களில் 4.9 வீதம். நெஞ்சு வருத்தக்காரருக்கு இது நெஞ்சுக்குரிய மருந்துதான் என்று நான் சொல்லத் துணிவது இதனால்தான்.

வோஃபரின் இரத்தம் உறைவதைக் குறைக்கிற மருந்து. அதை எடுப்பதை ஊசி போடமுன் சொல்லுங்கள். மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிக்கவேண்டும். இரத்தப் பரிசோதனை அளவு கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கொப்பியைக் காட்டிக் கேளுங்கள். ஊசிக்காக வோஃபரினை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

அம்மாவுக்கு 88 வயது. படுக்கையில்தான். வெளியில் எங்கும் போவதில்லை. அவவுக்கு ஏன் ஊசி என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள்.
— சம்பூர்

அம்மா வெளியே போவதில்லை, ஆனால் நீங்கள் எல்லாரும் போய்விட்டு அம்மாவிடம் வருகிறீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிலில் ஏறிக் கதை சொல்கிற பேரப்பிள்ளை, மருந்து பருக்கிற மகள், உடம்பு துடைக்க வருகிற பெண். அந்த வயதில் ஊசி உடம்பில் பிடிப்பதும் குறைவு. ஆகவே அம்மாவுக்கும் போடுங்கள், அவவைத் தூக்கிப் பராமரிக்கிற உங்களுக்கும் போடுங்கள். தடிமன் உள்ளவர் அந்த அறைக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டு போகட்டும். யன்னலைத் திறந்து விடுங்கள். வாடைக்காற்று என்று எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினால் கிருமியும் உள்ளேதான் நிற்கும்.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். மிக வயதானவர்களுக்கு நியூமோனியா வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் இருக்கலாம், இருமலும் பெரிதாக இராது. திடீரென்று சாப்பாட்டை மறுப்பார்கள். ஆளை மாறிக் கூப்பிடுவார்கள், புலம்புவார்கள், நாள் முழுக்க நித்திரை. நடக்கிறவர் விழுவார். மூச்சு வேகமாகப் போகும். "வயசு போனால் இப்படித்தான்" என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அந்த இரண்டு நாளில்தான் எல்லாம் கைமீறும். நேற்று இல்லாத குழப்பம் இன்றைக்கு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினால் சளியைச் சோதிக்கக் கொடுங்கள், காசநோயாகவும் இருக்கலாம்.

நானும் மனுசியும் பென்ஷனில் சீவிக்கிறம். பிள்ளையள் இல்லை. எனக்கு 71, நெஞ்சு வருத்தம். அவவுக்கு 69, முட்டு வருத்தம், பம்ப் பாவிக்கிறா. இரண்டு பேருக்கும் ஒரே மாதம் ஊசி போடக் காசு காணாது. ஆருக்கு முதல் போட?
— அன்புவழிபுரம்

இந்தக் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். இப்படி ஒரு கேள்வி கேட்க வேண்டியிருப்பது நியாயமே இல்லை ஐயா. எங்கள் நாட்டில் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஊசிகளை இலவசமாகக் கொடுத்து, பல நோய்களை ஓட்டிவிட்டோம். அந்தத் திட்டத்தில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கை முதியவர்களுக்கும் நீளவேண்டும். நாட்பட்ட நோயுள்ள முதியவர்களுக்காவது கிளினிக்கிலேயே இந்த ஊசி கிடைக்கவேண்டும். உங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்கவேண்டும். கேட்கிற குரல் இல்லாவிட்டால் தேவை இருப்பதே மேலே தெரியாது.

இப்போதைக்கு: இருவரில் போன வருடம் மூச்சுக்காக ஆஸ்பத்திரியில் நின்றவர் யாரோ அவருக்கு முதலில். இருவரும் நிற்கவில்லை என்றால் முட்டு உள்ள அம்மாவுக்குப் போடுங்கள் என்பேன். உங்கள் வைத்தியர் உங்கள் இருதயத்தின் நிலையைப் பார்த்து மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். மற்றவர் அடுத்த மாதம் போடலாம். ஒக்டோபரில் ஒருவர், நவம்பரில் ஒருவர். பிந்தினாலும் வீண் இல்லை. எங்கள் நாட்டில் இன்புளுவென்சா மாரியில் ஒரு தரமும், சித்திரைக்குப் பிறகு நடுவருடத்தில் இன்னொரு தரமும் தலைதூக்குகிறது.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தீபாவளிக்கு அம்மாவுக்குச் சாறி அனுப்புகிறீர்கள். இந்த வருடம் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஊசிக்குக் காசு அனுப்புங்கள். பக்கத்து வீட்டில் இந்த ஐயாவையும் அம்மாவையும் போலப் பிள்ளைகள் இல்லாத இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

ஊசி போட்ட அன்றைக்குத் தலைக்குக் குளிக்கலாமா? மீன், இறால் கிரந்தி என்று அம்மம்மா சாப்பிட மறுக்கிறா.
— ஒரு பேத்தி, நிலாவெளி

குளிக்கலாம். மீனும் இறாலும் வழக்கமாக ஒத்துக்கொள்கிறவர் என்றால் அன்றைக்கும் சாப்பிடலாம். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வெறும் வயிற்றோடு மட்டும் ஊசிக்குப் போகவேண்டாம், தலை சுற்றும். கைமேலே ஏற்றக்கூடிய தளர்ந்த சட்டை போட்டுக் கூட்டிப்போங்கள். அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். லேசான மூக்கடைப்பு ஒரு தடையில்லை. கிளினிக் கொப்பியும் அவ குடிக்கிற குளிசைகளும் பையில் இருக்கட்டும்.